கண்டியில் என் வலது கன்னம்

கண்டியில் இறங்கிய முதல் நாளே காவலாளி ஒருவர் என் முகத்தை அழிக்கச் சொன்னார்.

அவர் மேல் தப்பு இல்லை. ஊருக்கு மேலே மலையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் புத்தருக்கு முன்னால் ட்ரைபாடை விரித்து, கேமராவை மாட்டி, பத்து விநாடி டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக லென்ஸை நேராகப் பார்த்தேன். பின்னால் புத்தர், முன்னால் நான். கேமராவின் 'டிக்' சத்தமும் காவலாளியின் விசில் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவர் வேகமாக வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் தாமரைப் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

"புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாதாம். எடுத்தத அழிச்சிரச் சொல்றாரு."

உடனே அழித்தேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு எப்படித்தான் நிற்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவர் என் தோளைத் தொடாமல் காற்றிலேயே என்னைத் திருப்பிக் காட்டினார். புத்தரைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாமாம். அதாவது கேமராவுக்கு முதுகு. ஐயா, அதைத்தான் ஏழு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. பூக்காரப் பெண்ணால் அவ்வளவு நீளத்தை மொழிபெயர்க்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர் நான். ஒரு மாதப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. மாதம் ஓர் ஊர், அந்த ஊரில் என்னை நானே எடுத்துக்கொண்ட ஒரு படம். யாரிடமும் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லக் கூடாது என்பது அந்தப் பக்கத்தின் சட்டம். சட்டம் போட்டவளும் நான்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாகத் தானே வழிந்தது. முகவாதம். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவர் சொன்னபடி முக்கால்வாசி சரியாகியும்விட்டது. கண் மூடுகிறது, விசில் அடிக்க வருகிறது. சிரிக்கும்போது மட்டும் இடப்பக்கம் கிளம்பிப் போய்விடும், வலப்பக்கம் பஸ்ஸை விட்ட ஆள் மாதிரி அங்கேயே நிற்கும். வகுப்பில் சமாளிக்கலாம். சிரிப்பு வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏதாவது எழுத ஆரம்பித்துவிடுவேன். படத்தில் எப்படிச் சமாளிப்பது? அதற்குத்தான் முதுகு. கடலைப் பார்க்கும் முதுகு, கோபுரத்தைப் பார்க்கும் முதுகு, ஊட்டி ரயிலைப் பார்க்கும் முதுகு.

கிளம்புவதற்கு முதல் நாள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "மேடம், ஏழு மாசமா உங்க முதுகைத்தான் போட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு வாசகி உங்க ஜடைக்கு என்ன எண்ணெய்னு கேட்டு எழுதியிருக்காங்க" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்தை மூடணும். முகம் வந்தா உங்க பக்கம். வரலைன்னா அந்த இடத்துல சமையல் குறிப்பு போட்டுக்கறேன். இந்த மாசம் மட்டும்னு நினைக்காதீங்க."

முகவாதத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பக்கம்தான் பதினோரு வருஷமாக என்னை வீட்டைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அது போனால் எனக்குப் பள்ளிக்கூடமும் விடைத்தாள் கட்டும்தான் மிச்சம். சமையல் குறிப்பிடம் தோற்கப்போகிறேனே என்று விமானத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே இந்த முறை மூன்று லென்ஸ்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். இருபது மில்லிமீட்டர் ஒன்று. ஊர் முழுக்க அதில் அடங்கும், நான் எறும்பளவு தெரிவேன். ஒளிந்துகொள்ள நல்ல இடம். எண்பத்தைந்து ஒன்று. கேமராவை எட்டுப் பத்து அடி தள்ளி வைத்து எடுக்க வேண்டும். அது முகத்துக்கு மரியாதை கொடுக்கும், மேடு பள்ளத்தைப் பெரிதாக்காது. இந்தப் பயணத்துக்கு நான் நம்பி வந்தது அதைத்தான். மூன்றாவது முப்பத்தைந்து. எதிரே உட்கார்ந்து பேசுகிற ஒருவர் நம்மை எப்படிப் பார்ப்பாரோ, அந்தத் தூரத்தில் இருந்து எடுக்கிற லென்ஸ். அதை ஒரு காலுறைக்குள் சுருட்டிப் பையின் அடியில் போட்டிருந்தேன்.

தங்கியது கண்டிக்குப் பக்கத்தில் திகனயில், பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஃபரீனாவின் வீட்டு மாடி அறையில். ஃபரீனாவின் கணவருக்குக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. அவரைப் பற்றிப் பேசும்போது ஃபரீனா பெயரைச் சொல்ல மாட்டார், 'பிள்ளைகள்ட வாப்பா' என்றுதான் சொல்வார். மலையிலிருந்து நான் தோற்றுத் திரும்பிய அன்று மாலை, தட்டில் இடியாப்பத்தை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்கொ டீச்சர், ஆறப் போகுது. சம்பல் ஒறப்பா ஈக்கி, பார்த்துச் சாப்பிடுங்கொ."

பார்த்துச் சாப்பிட எனக்கு எங்கே பொறுமை? தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் மாசிக் கருவாட்டுத் தூளும் எலுமிச்சையும் சேர்ந்து இடித்த சம்பல். சேலத்தில் நாங்கள் தேங்காய்ச் சட்னிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி என்ன பாவம் செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் சொதியில் நனைத்து ஒன்பது இடியாப்பம் தின்றேன். கடைசியில் பால் சேர்க்காத பிளேன்டீயும் கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒரு துண்டும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டுமாம். நான் இடது கன்னத்தில் அதை ஒதுக்கிவைத்துக் குடித்தேன். வலப்பக்கம் ஒதுக்கினால் ஒழுகும். அதை ஃபரீனா பார்த்தாரா என்று தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை பேராதனைப் பூங்கா. கண்டிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் பாட்டு அலறியது. கண்டக்டர் முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க என்று என்னை டிரைவர் மடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். இதில் சேலத்துக்கும் கண்டிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு வளைவில் ட்ரைபாடின் கால் ஒன்று தானாக நீண்டு முன்னால் நின்றவரின் குடைக்குள் போய் மாட்டிக்கொண்டது. குடையும் ட்ரைபாடுமாகவே நானும் அவரும் சேர்ந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிரித்தோம். அவர் இறங்க வேண்டிய இடம் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே போய்விட்டதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். என்ன மனிதர்கள் இவர்கள்.

பூங்காவில் எண்பத்தைந்துக்கு வேண்டிய தூரம் தாராளமாகக் கிடைத்தது. ஒரு பெரிய அத்திமரத்துக்கு முன்னால் ட்ரைபாடை நிறுத்தினேன். என் கேமராவில் ஒரு வசதி உண்டு. எதிரே இருப்பவர் சிரித்தால் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். ரிமோட் வேண்டாம், ஓட வேண்டாம். நின்ற இடத்தில் நின்று சிரித்தால் போதும். எத்தனையோ ஊர்களில் எனக்குத் துணை அதுதான். முகவாதத்துக்குப் பிறகு அதைத் தொடவில்லை. அன்று துணிந்து போட்டேன். பெரிய சிரிப்பு, நடுத்தரச் சிரிப்பு, லேசான சிரிப்பு என்று அதில் மூன்று அளவு உண்டு. 'லேசானது' என்று வைத்துவிட்டுப் போய் நின்று சிரித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கேமராவோடு இணைத்திருந்த போனில் பார்த்தேன். திரை ஓரத்தில் சிரிப்பை அளக்கும் கோடு ஒன்று உண்டு. அது பாதிவரை ஏறியது, நின்றது, இறங்கியது. இன்னும் கொஞ்சம் பல்லைக் காட்டினேன். பாதி. கன்னம் வலிக்கச் சிரித்தேன். பாதி. வெயிலில் ஒரு மரத்தடியில், ஆளில்லாத கேமராவைப் பார்த்து ஐந்து நிமிஷம் இளித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று 'டிக்' என்றது. துள்ளிக் குதிக்காத குறையாக ஓடினேன். அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு குடை எழுந்து நின்றது.

பேராதனைப் பூங்காவின் மரத்தடிகளில் குடைகள் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு குடைக்கும் நான்கு கால்கள். மழைக்கும் வெயிலுக்கும் அல்ல, காதலுக்கு. அந்தக் குடையிலிருந்து வெளியே வந்த இளைஞன் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பையன்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எங்களைப் படம் எடுக்கிறியளோ?"

"இல்லப்பா, என்னைத்தான் எடுக்கறேன்."

"உங்களையோ? கமராவுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையே."

குடைக்குள்ளிருந்து பெண் குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னனான். அவ சும்மா கமராவைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு."

"ஓம், அதுதான் எங்களுக்குப் பயமாக் கிடந்தது" என்றான் அவன். "வீட்டில இன்னும் சொல்லேல்லை, அதுதான்."

அவர்கள் நம்பட்டும் என்று கேமராவைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அதிலிருந்த ஒரே படத்தில் நான் ஓரத்தில் நிற்கிறேன், எனக்குப் பின்னால் குடைக்கு மேலே அந்தப் பெண் தலையை நீட்டி என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் கேமரா, முப்பதடி தள்ளி இருந்த அவள் சிரிப்புக்குப் படம் எடுத்திருக்கிறது. நேற்று என் முகம், இன்று அவள் முகம். அழித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் விடவில்லை.

"அப்ப உங்கட சிரிப்பை ஏன் எடுக்கேல்லை?"

"பேட்டரி கொஞ்சம் சரியில்லம்மா" என்றேன். பேட்டரிக்கும் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்? இயற்பியல் டீச்சர் சொல்கிற பொய்யா அது? வெட்கமாக இருந்தது. அவர்கள் குடைக்குத் திரும்பிய பிறகு டைமரைப் போட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு முப்பது படம் எடுத்தேன். லென்ஸ் துளை எட்டு, ஷட்டர் வேகம் இருநூற்றைம்பதில் ஒன்று. மரத்தின் ஒவ்வொரு வேரும் கூர்மை. ஒளியும் பிரமாதம். அதில் சுமாரான ஒன்றை அன்று மாலையே ஆசிரியருக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை பதில் வந்தது: "மேடம், யாரையாவது திட்டப் போறீங்களா? வேற ஒண்ணு அனுப்புங்க. நாளைக்கு மத்தியானம்தான் கடைசி."

கண்டி ஸ்டேஷனுக்கு ஓடி, நாவலப்பிட்டிக்கு டிக்கெட் வாங்கினேன். அங்கே ஸ்டேஷனைச் சுற்றி எல்லாப் பக்கமும் தேயிலை மலை. இருபது லென்ஸைப் போட்டு, அந்தப் பச்சைக்குள் எறும்பாக நின்று, முகமும் இருக்கிறது பாருங்கள் என்று அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம். கோழைத்தனம்தான், தெரியும். ஆனால் ரயில் கிளம்பியதும் மனசு என்னையும் மீறிக் குதித்தது. திறந்த ஜன்னலில் காற்று அடித்தது. வடைக்காரர் கூடையோடு பெட்டிக்குப் பெட்டி தாவினார். பருப்பு வடை, இறால் ஒட்டிய வடை, கூடவே பச்சை வெங்காயமும் வதக்கிய காய்ந்த மிளகாயும், எல்லாம் பழைய பரீட்சைத்தாளில் சுற்றி. என் பொட்டலத்தில் யாரோ ஒரு பிள்ளை கணக்கில் பாதி மார்க் வாங்கியிருந்தது.

எதிர் ஸீட்டில் மடியில் கேக் பெட்டியோடு ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பெயர் புஷ்பா. கண்டியில் துணிக்கடையில் வேலை, நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வீடு. தம்பி மகனுக்குப் பிறந்தநாள்.

"தனியாவா வந்திருக்கீங்க அக்கா? இந்தியாவுலருந்தா? சுத்திப் பாக்கவா? அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பை?" என்று நான் பதில் சொல்ல இடம் விடாமல் கேட்டார்.

கம்பளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் மரக்கிளை விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எங்கள் ஊரில் என்றால் பத்தாவது நிமிஷம் சண்டை ஆரம்பித்திருக்கும். இங்கே எல்லாரும் இன்னொரு வடை வாங்கினார்கள். நான் மட்டும்தான் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாவலப்பிட்டிக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் இருக்குமா? மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கிடைக்கிற இடத்திலேயே எடுத்துவிடுவது என்று பையைத் திறந்தேன்.

ரயில் பெட்டிக்குள் எண்பத்தைந்தைப் போட்டால் மூக்கு மட்டும்தான் கிடைக்கும். இருபதை இவ்வளவு கிட்டே வைத்தால் கன்னத்தை இழுத்துப் பூசணிக்காய் ஆக்கிவிடும். இரண்டு ஸீட்டுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு உலகத்தில் ஒரே ஒரு லென்ஸ்தான் சரி. காலுறையைப் பிரித்தேன்.

சின்ன ட்ரைபாடில் கேமராவை மாட்டிப் புஷ்பாவுக்குப் பக்கத்து ஸீட்டில் என் கண் உயரத்துக்கு நிறுத்தினேன். நேற்றுப் போட்ட சிரிப்பு வசதியை எடுத்துவிட மறந்துபோனேன். நான் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்வதற்குள் 'டிக்'.

புஷ்பா திரையை எட்டிப் பார்த்தார். "அக்கா, இது ஒங்களுக்குப் பின்னுக்கு நிக்கிற ஐயாவல்ல எடுத்திருக்கு."

திரும்பிப் பார்த்தேன். என் ஸீட்டுக்குப் பின்னால் நின்ற பெரியவர், வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்ததால் கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, நின்றுபோன ரயிலை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஒங்கள எடுக்கல?" என்றார் புஷ்பா. அதே கேள்வி. பேட்டரி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"சிரிச்சாத்தான் எடுக்கும். என் சிரிப்பு அதுக்குப் பத்தல. எனக்கு இந்தப் பக்கம் வாதம் வந்துச்சு, எட்டு மாசமாச்சு. சிரிச்சா வலப்பக்கம் ஏறாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மாவையும் டாக்டரையும் தவிர ஓர் ஆளிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது.

புஷ்பா கூச்சமே படாமல் குனிந்து என் கன்னத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கமா? நான் கடவாப் பல்லு வலியாக்கும்னுல்ல நெனச்சேன்." பிறகு கேமராவைப் பார்த்தார். "அது இருக்கட்டும். அந்த ஐயா சிரிக்கவே இல்லியே, மொறச்சிக்கிட்டுல்ல இருக்காரு. அவர எப்புடி எடுத்துச்சு?"

நியாயமான கேள்வி. எட்டு மாதத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. 'எந்திரிங்க அக்கா' என்று கேக் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, புஷ்பா என் இடத்தில் உட்கார்ந்தார். உதடுகளை இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல விரித்தார். உடனே 'டிக்'.

"இது கடச் சிரிப்பு" என்றார். "காலையில எட்டு மணிக்குப் போட்டா கட மூடுறவர இருக்கணும். மொதலாளி கமராவுல பாத்துக்கிட்டே இருப்பாரு. மனசுக்குள்ள ஒன்னும் இல்ல. இத எடுக்குதே இந்த மிசினு."

வடைக்காரர் கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுத்து உட்கார்ந்தார். முன்பல் நான்கும் இல்லாத மனிதர். தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேமரா அசையவில்லை. கோடு அடியிலேயே கிடந்தது. இன்னும் பெரிதாகச் சிரித்தார், பெட்டியே அவரோடு சேர்ந்து சிரித்தது, கேமரா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ரயிலில் சிரித்துச் சிரித்து வடை விற்றே தன் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்திருப்பதாகவும், இந்தக் கேமராப் பெட்டிக்குச் சிரிப்பைப் பற்றி என்ன தெரியும் என்றும் சிங்களத்தில் சொன்னார். புஷ்பா எனக்குத் தமிழில் சொன்னார்.

குடைப் பெரியவரை நாலு பேர் கெஞ்சி உட்கார வைத்தார்கள். நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டது, முகத்தைச் சுளித்தார். 'டிக்'. "நான் சிரிக்கவில்லை" என்று சிங்களத்தில் அழுத்தமாகச் சொன்னார். சொல்லும்போது பல் தெரிந்தது. மறுபடி 'டிக்'. பெட்டியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரும்பலகை இல்லை, திரும்பிக்கொள்ள இடமும் இல்லை. கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நேராக, இடப்பக்கம் மட்டும் ஏறுகிற என் சிரிப்பைச் சிரித்துத் தீர்த்தேன்.

சிரித்து ஓய்ந்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பல்லின் வெள்ளையையும் கண்ணின் சுருக்கத்தையும் எண்ணத் தெரிந்த ஒரு பெட்டி. அதற்குப் பயந்தா ஏழு ஊர்களில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்? கேமராவை எடுத்து அந்த வசதியை அணைத்தேன். துளையை நான்குக்குத் திறந்தேன். வேகத்தை நூற்றிருபத்தைந்தில் ஒன்றுக்கு இறக்கினேன், ஒளியுணர்வு எண்ணூறு. போனில் ரிமோட்டைப் போட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். புஷ்பாவும் வடைக்காரரும் பெரியவரும் கேமராவுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ட்ரைபாடை யாரும் தொடக் கூடாது, எடுப்பது நான்தான் என்று எச்சரித்தேன்.

"நாங்க ஏன் தொடுறோம்? நீங்க மொகத்தக் காட்டுங்க" என்றார் புஷ்பா.

காட்டினேன். தலையை ஜன்னல் பக்கம் ஒரு துளி திருப்பி, கண்ணை லென்ஸில் வைத்துச் சிரித்தேன். இடப்பக்கம் போனது. வலப்பக்கம் நின்றது. அழுத்தினேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மங்கலாகப் பச்சை, என் விரலில் வடை எண்ணெய், சாய்ந்த வாய். கண்ணில் அவ்வளவு சந்தோஷம். என்னை எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று எடுக்கவில்லை.

கிளையை வெட்டி ரயில் நாவலப்பிட்டி போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தேயிலை மலை ஒன்றுமே தெரியவில்லை, எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே புஷ்பாவைத் தம்பி வந்து கூட்டிப்போனார். நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பருப்பும் பொலாஸ் கறியும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டே படத்தை அனுப்பினேன். இலங்கையில் பிஞ்சுப் பலாக்காய்க்குக் கொடுக்கிற மரியாதையை நாம் ஆட்டுக்கறிக்குக்கூடக் கொடுப்பதில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கும்போது பதில் வந்தது. "இதுதான் மேடம். பக்கம் உங்களுடையது." கீழே இன்னொரு வரி: "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே." நான் சொல்லாததைப் படம் அவருக்குச் சொல்லியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஃபரீனா வீடு காலையிலிருந்தே பரபரப்பு. ஜும்மாவுக்குப் போக வெள்ளை ஜுப்பாவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் கணவர். அடுக்களையில் கறி கொதித்தது. நான் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் பக்கத்துக்காகக் காத்திருந்தேன். பதினோரு மணிக்குப் போனில் வந்தது.

பக்கம் அழகாக இருந்தது. என் படமும் நேற்று இருந்ததைவிட நன்றாக இருந்தது. பார்த்துப் பழகிய முகம் போல, உறுத்தலே இல்லாமல் இருந்தது. பரவாயில்லையே, இவ்வளவுதானா நம் வாதம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. அது என் வலது மணிக்கட்டில் இருந்தது. நான் இடது கையில் கட்டுகிறவள்.

பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் குமரேசனுக்குப் போன் போட்டேன்.

"ஆமா மேடம், இடம் வலமா திருப்பித்தான் போட்டிருக்கேன்" என்றார் சாதாரணமாக. "உங்க படம் பக்கத்தோட ஓரத்துல வருது. அப்படியே போட்டா நீங்க பக்கத்தைவிட்டு வெளிய பாக்கற மாதிரி இருக்கும். உள்ள பாக்கணும். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம்."

"என் முதுகுப் படத்தையும் திருப்பியிருக்கீங்களா?"

"மூணோ நாலோ திருப்பியிருப்பேன். யாரும் கண்டுபிடிக்கல மேடம்."

ஏன் உறுத்தவில்லை என்று அப்போது புரிந்தது. திருப்பிப் போட்ட முகம்தான் தினமும் காலையில் கண்ணாடி எனக்குக் காட்டுகிற முகம். அதோடு எட்டு மாதமாக ராசியாகிவிட்டேன். திருப்பாத முகத்தைப் பார்க்கிறவர்கள் மற்றவர்கள். என் வகுப்பில் நாற்பது பெண்கள், நேற்று ரயிலில் புஷ்பா, இங்கே ஃபரீனா. ஒளியியல் பாடத்தில் நான் வருஷா வருஷம் வரைந்து காட்டுகிற படம்தான்.

"அப்படியே விட்டுரலாமா மேடம்? இன்னும் அரை மணியில அச்சுக்குப் போகுது. யாருக்கும் தெரியாது."

உண்மைதான், யாருக்கும் தெரியாது. எனக்கும் அதுதான் வசதி. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் மாதத் தொடக்கத்தில் என் பிள்ளைகள் நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். தினமும் பார்க்கிற டீச்சரின் முகம் அதில் மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

"இல்ல தம்பி. மாத்துங்க" என்றேன். "எனக்கு முகவாதம் வந்துச்சு. சிரிச்சா ஒரு பக்கம் ஏறாது. நீங்க அதைத் தூக்கி இன்னொரு பக்கம் வச்சிட்டீங்க."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அடுக்களையில் அகப்பைச் சத்தமும் நின்றது. ஃபரீனா வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

"மன்னிச்சிக்கங்க மேடம், இப்பவே மாத்தறேன்" என்றார் குமரேசன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க, சரிபாக்கத்தான் கேக்கறேன். சாய்ஞ்சிருக்கறது வலப்பக்கம்தானே? பாக்கறவங்களுக்கு வலதா, உங்களுக்கு வலதா?"

"எனக்கு" என்றேன். "என் வலது."